சும்மா நிற்பதற்கு ஒரு வாத்தியார்

"நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க? நம்ம ஊர் ரேஷன் கடையில மணிக்கணக்கா நின்னவர்தானே நீங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து, ஈசூனிலிருந்து தோ பாயோவுக்கு ரயிலேறிப் போய், ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணைப் பார்த்தபடி நின்றுவிட்டு வருகிறவனிடம் வேறென்ன கேட்பது?

முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொள்ளப் போனவனுக்குத் தைச்சியே காட்டப்படவில்லை. வெள்ளைப் பட்டுச் சட்டை இல்லை, மூங்கில் காடு இல்லை. சிமென்ட் தரை, நாலைந்து கல் நாற்காலி, பந்து விளையாடக் கூடாது என்று படம் போட்ட அறிவிப்பு ஒட்டிய தூண். அவ்வளவுதான் எங்கள் மடம்.

வாத்தியாரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். எழுபது தாண்டியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைத் 'தம்பி' என்பார். ஆங்கிலம் பாதி, ஹொக்கியன் என்ற சீன மொழி பாதி, கோபம் வந்தால் மலாய். "பெலான் பெலான்" என்றால் மெதுவாக என்று அர்த்தம். அதை அவர் கத்திச் சொல்வதுதான் வேடிக்கை.

நான் போனதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கிடங்கு அலுவலகத்தில் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. நாற்பத்து நாலு வயதில் காலுறை மாட்டக் கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. ஊரில் சின்ன வயதில் கொஞ்ச நாள் சிலம்பம் போனவன் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. சிலம்ப வாத்தியாரும் லேசில் கம்பைக் கையில் தரவில்லை, காலடிதான் போடச் சொன்னார். அதில் பொறுமை போய்த்தான் நின்றேன். முப்பது வருஷம் கழித்து இன்னொரு வாத்தியாரிடம் வந்தால், இவர் காலடிகூடப் போடவிடாமல் நிற்கச் சொல்கிறார்.

நிற்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கால்கள் தோள் அகலத்தில், பாதங்கள் நேராக. முழங்காலைக் கொஞ்சமே தளர்த்த வேண்டும், கால்விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. வால் எலும்பு தன் பாட்டுக்குத் தொங்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தக் கூடாது. (பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பார்த்தால் பிரம்பெடுப்பார்.) கைகள் இரண்டும் மார்புக்கு முன்னால் வட்டமாக, மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல. எனக்கு மரம் வரவில்லை, கல்யாண வீட்டுத் தவலை வந்தது. அங்கிளிடம் சொன்னேன். என்ன பாத்திரம் என்று கேட்டுவிட்டு, "சரி, அதில் சோறு இல்லாமல் பார்த்துக்கொள்" என்றார்.

இரண்டாவது நிமிடம் தோள் எரியும். நாலாவது நிமிடம் தொடை தானாக ஆடும். ஐந்தாவதில் கோபம் வரும், யார்மீது என்று தெரியாது. பிறகு அரிக்கும். அரிக்காத இடமே இருக்காது. அப்போதுதான் அங்கிள் பின்னால் வந்து என் தோள்மீது இரண்டு விரலை வைப்பார்.

"இது யாருடையது?"

"என்னுடையதுதான், அங்கிள்."

"அப்புறம் ஏன் காதில் தொங்கவிட்டிருக்கிறாய்?"

தோளை இறக்குவேன். அரை நிமிடத்தில் அது மறுபடி காதுக்குப் போய்விடும். நாற்பது வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கலையில் அதிகம் காதில் விழுகிற சொல் 'சோங்'. தளர்வு என்று சொல்லலாம், ஆனால் துவண்டு போவது இல்லை. விளக்கம் கேட்டபோது அங்கிள் தன் கையை நீட்டி, பிடித்துக்கொள் என்றார். எழுபது வயதுக்கு மேலான மெலிந்த கை, தக்கையாக இருக்கும் என்று பிடித்தேன். ஈர மணல் மூட்டை போலக் கனத்தது. "இப்போது இறுக்குகிறேன் பார்" என்று இறுக்கினார். கை லேசாகிவிட்டது. இறுக்கினால் தன் கையைத் தானே சுமக்கிறோம், தளர்த்தினால் பிடித்தவன் தலையில் அந்தக் கனம் ஏறுகிறது. ஒன்றரை வருஷம் படித்தாலும் புத்தகத்திலிருந்து எனக்கு இது ஏறியிருக்காது.

நிற்பதை ஒரு முழுப் பயிற்சியாகவே ஆக்கிய பெருமை வாங் ஷியாங்சாய் என்பவருக்கு உண்டு. 1885 முதல் 1963 வரை வாழ்ந்தவர், சிங்யீ என்ற சண்டைக் கலையில் வளர்ந்தவர். மனப்பாடம் செய்து ஆடும் வரிசைகளை ஓரமாக வைத்துவிட்டு, நிற்பதை நடுவில் வைத்து யீச்சுவான் என்ற கலையையே கட்டினார். எங்கள் அங்கிளின் பரம்பரை அதுவல்ல. ஆனால் தூணடியில் நிற்க வைப்பதில் இரண்டு வீட்டுக்கும் சண்டையில்லை.

ஏழெட்டு வாரத்தில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது. உள்ளங்கை சூடாகியிருந்தது. சீனர்கள் 'சீ' என்கிற உயிர்ப்பு இதுதானோ என்று எனக்கு ஒரே பரவசம்.

"அங்கிள், சீ வந்துவிட்டதா?"

"ரத்தம் வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் தோளை இறக்கியிருக்கிறாய்."

இந்தச் சீ விஷயத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் குழம்புகிறார்கள், நானும் குழம்பியிருந்தேன். தைச்சியில் உள்ள 'ச்சி'யும் சீகோங் என்ற மூச்சுப் பயிற்சியில் உள்ள 'சீ'யும் ஒன்றில்லை. சீனத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல். தைச்சி என்றால் பேரெல்லை, இருளும் ஒளியும் போல எதிரெதிரான யின்னும் யாங்கும் பிறக்கும் இடம். முழுப் பெயர் தைச்சிச்சுவான், கடைசியில் வரும் சுவான் என்பதற்கு முஷ்டி என்று அர்த்தம். பெயரிலேயே குத்து இருக்கிறது என்பதைப் பூங்காவில் ஆடும் பலர் மறந்துவிடுகிறார்கள். சீகோங்கில் உள்ள சீ என்பது மூச்சு, காற்று, உயிர்ப்பு. அதன் பழைய எழுத்தைப் பிரித்துக் காட்டினார் அங்கிள். கீழே அரிசி, மேலே எழும் புகை. சோற்றின் மேல் எழுகிற ஆவி! தமிழிலும் ஆவி என்றால் நீராவி, மூச்சு, உயிர் மூன்றும்தானே என்றேன். அன்றைக்கு மட்டும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

சீகோங் என்ற பெயர் மூச்சுப் பயிற்சிகளுக்கெல்லாம் பொதுப் பெயராகப் பரவியது 1950களில்தான். லியூ குயிசென் என்பவர் பெய்தாய்ஹே சுகவாசத்தலத்தில் அதை மருத்துவமாகவே நடத்தினார். பயிற்சிகள் அதைவிட ரொம்பப் பழசு. நாங்கள் செய்வது எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின், எட்டுப் பட்டுத் துண்டு. கைகளை வானுக்குத் தூக்குவது, வில் இழுப்பது, கடைசியில் குதிகாலைத் தூக்கிப் பொத்தென்று தரையில் விடுவது. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சளி போகும், பசி எடுக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாரிடம் இதைப் பேசினாலும் அடுத்த நொடியே போதிதர்மர் வந்துவிடுவார். ஒரு சினிமா வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது, அது உண்மை. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடுவது 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த யீஜின் ஜிங் என்ற நூல். அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. தைச்சிக்கோ அந்த இழைகூட இல்லை. ஹெனான் மாநிலத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் கிளம்பிய கலை அது. தாவோ துறவி சாங் சான்ஃபெங் பாம்பும் பறவையும் சண்டை போடுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று சீனர்களும் கதை சொல்வார்கள். கதை எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

அங்கிளிடம் வருவதற்கு முன்னால் இன்னொரு வகுப்புக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய யின்யாங். அந்த ஆசிரியர் தொடாமலே தள்ளுவார். ஐந்தடி தூரத்திலிருந்து கையை வீசுவார், பழைய மாணவர் ஒருவர் துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் மோதுவார். அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். என் முறை வந்தது. வீசினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வீசினார். பக்கத்தில் நின்ற பெண்மணி மெதுவாக, "உங்கள் மனம் மூடியிருக்கிறது" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்கக்கேடு, மூன்றாவது தடவை நான் பின்னால் ஓரடி எடுத்து வைத்தேன். யாரும் தள்ளவில்லை. அறையில் இருந்த இருபது பேரின் பார்வைதான் தள்ளியது. அந்த ஓரடியை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. மூன்று மாதக் கட்டணம் முன்பணமாகக் கட்டியிருந்தேன், அதுவும் போனது.

இதை அங்கிளிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஐம்பது வருஷம் ஒரே ஆட்களோடு பழகினால் எனக்கும் அப்படி ஆகலாம். அதனால்தான் புது ஆள் வந்தால் முதலில் என்னைத் தள்ளச் சொல்கிறேன்" என்றார்.

நாலாவது மாதம் வரிசை, அதாவது தொடர்ந்து ஆடும் அசைவுகள், ஆரம்பித்தது. எங்களுடையது, செங் மான்சிங் என்ற ஆசிரியர் யாங் பாணியிலிருந்து சுருக்கிய 37 நிலைகள். தைச்சியைச் சென் கிராமத்தில் கற்றுக்கொண்டு பெய்ஜிங்கிற்குக் கொண்டுபோய் யாங் பாணிக்கு வழிவகுத்தவர் யாங் லூசான். அவருடைய பேரன் யாங் செங்ஃபூவின் மாணவர் செங். அவருடைய மாணவர் ஹுவாங் ஷிங்ஷியான் இந்தப் பக்கம் வந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரப்பினார். அங்கிள் அந்த வழியில் வந்தவர். 1970இல் மலேசியாவின் கூச்சிங் நகரில் ஹுவாங் தன் அறுபதாவது வயதில் ஒரு மல்யுத்த வீரரோடு மோதி 26-0 என்று ஜெயித்த கதையை எங்கள் வகுப்பில் மாதம் ஒருமுறையாவது கேட்கலாம்.

வரிசையில் எனக்கு முழங்கால் போனது. வலது முழங்காலின் உள்பக்கம் மூன்று வாரம் குத்தியது. பாதத்தைத் தரையில் ஊன்றிவிட்டு முழங்காலைத் திருப்பியிருக்கிறேன். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நீளும், அதைத் திருகினால் தாங்காது. திரும்புவதெல்லாம் தொடைச்சந்தில் நடக்க வேண்டும். அங்கிள் அதைக் 'குவா' என்பார். வரிசை கற்கிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் முழங்கால் சில்லும் கால்விரலும் ஒரே திசையில் இருக்கிறதா என்பதைத்தான். கையழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாழ இறங்கி ஆடினால்தான் தைச்சி என்று நினைத்து முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்துவிட்டேன்.

எங்களோடு ஒரு ஆன்ட்டி தன் கணவரையும் கூட்டி வருவார். அவருக்குப் பார்க்கின்சன் நோய். 2012இல் அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. வாரம் இரண்டு முறை, 24 வாரம். தைச்சி செய்தவர்களுக்கு, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட நிலைப்பு நன்றாக இருந்தது, விழுவதும் குறைந்தது. நோய் குணமானது என்று அதில் இல்லை, அந்தத் தம்பதியும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கணவர் வந்ததும் நாற்காலியைப் பிடித்தபடி எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிறார். போகும்போது வேகமாக நடப்பார். ஆன்ட்டிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட.

எனக்கு உண்மையில் தைச்சி ஆரம்பித்தது 'தள்ளும் கை'யில்தான். இருவர் எதிரெதிரே நின்று, முன்னங்கைகள் ஒட்டியபடி வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒருவர் தள்ள, மற்றவர் அதை ஏற்றுத் திருப்பிவிட வேண்டும். அடி கிடையாது, பிடித்து இழுப்பது கிடையாது, கால் நகர்ந்தால் தோல்வி. பார்த்தால் சின்னப் பிள்ளைகள் திருகைக்கல் சுற்றுவது போல இருக்கும்.

முதல் தடவை அங்கிளின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். என் எடை 82 கிலோ, அவர் 55 இருந்தால் அதிகம். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு திறந்தே கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் உள்ளே போய் விழுந்தேன். அவர் பின்வாங்கவே இல்லை. என் கை பட்ட இடம் மட்டும் அங்கே இல்லாமல் போயிருந்தது. இரண்டாவது தடவை எச்சரிக்கையாக மெதுவாகத் தள்ளினேன். இந்த முறை அவர் தரைக்குள் வேர்விட்ட மாதிரி இருந்தார். தள்ளத் தள்ள என் குதிகால்தான் எழும்பியது.

அப்போதுதான் அந்த மூன்று மாதத் தூணடி புரிந்தது. நிற்கும்போது என் எடை எந்தப் பாதத்தில், பாதத்தின் எந்த ஓரத்தில் என்று கவனித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? இப்போது அதே கவனத்தை எதிராளியின் பாதத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவருடைய முன்னங்கை வழியாக. இதற்குத் 'திங் ஜின்' என்று பெயர். கேட்கும் ஆற்றல். தோள் இறுகியிருந்தால் காது அடைத்த மாதிரி, ஒன்றும் கேட்காது. நாலு லியாங் பலத்தால் ஆயிரம் ஜின் பாரத்தைத் திருப்பலாம் என்று சீனத்தில் ஒரு பழைய வாக்கு உண்டு. லியாங், ஜின் இரண்டும் சீன எடை அளவுகள்; ஒரு லியாங் நம் ஊரின் 'பலம்' என்ற பழைய நிறைக்கு ஏறக்குறையச் சமம். ஆக, நாலு பலம் புளியைத் தூக்கும் அளவு சக்திதான். ஆனால் அந்த நாலு பலத்தை எங்கே வைப்பது என்று தெரிவதற்கு, பல நூறு தடவை தள்ளப்பட்டு விழுந்திருக்க வேண்டும். இதைத்தான் வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள் தவறவிடுகிறார்கள். வீடியோ தள்ளாது.

வரிசையில் அழகுக்கு என்று நினைத்த அசைவுகளின் முகமும் மெல்ல மாறியது. 'குரங்கை விரட்டுதல்' என்று ஒரு நிலை. பின்னால் அடி வைத்தபடி ஒரு கையை இடுப்புக்கு இறக்கி, மற்றக் கையைக் காதோரமாக முன்னால் தள்ள வேண்டும். ஒரு நாள் அங்கிள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "இப்போது குரங்கை விரட்டு" என்றார். உள்ளங்கையை மேலே திருப்பி, பின்னால் அடி வைத்து, இடுப்புப் பக்கம் இழுத்தேன். பிடித்த அவரே முன்னால் வந்தார், என் மற்றக் கை அவர் முகத்துக்கு நேரே இருந்தது. இழுத்தது கையில்லை, பின்னால் போன கால். ஒரு வருஷமாக தினமும் செய்த அசைவு அன்றைக்குத்தான் அறிமுகமானது.

சரி, இதை வைத்துச் சண்டை போட முடியுமா? இதில் மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. 1954 ஜனவரியில் ஹாங்காங் பக்கத்து மக்காவ் நகரில், தைச்சி ஆசிரியர் வூ குங்யீயும் வெண்கொக்குப் பாணியின் சான் ஹாக்ஃபூவும் மேடையேறி மோதினார்கள். ஹாங்காங்கில் தீயில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி. படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. வழுக்கலும் நழுவலும் இல்லை, இரண்டு பேர் கையை வீசிக் குத்திக்கொள்கிறார்கள், மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றோடு நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்றார்கள். 2017இல் செங்டூவில் ஷூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர், தைச்சி ஆசிரியர் வெய் லெய்யை அரை நிமிடம்கூட ஆகாமல் தரையில் போட்டு அடித்தார். சீனாவில் பலருக்குக் கோபம். எங்கள் வகுப்பிலும் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆள் தினமும் அடி வாங்குகிறான். அந்த ஆளை யாரும் அடித்ததே இல்லை."

நானும் அந்தக் கட்சிதான். தைச்சியில் குறை இல்லை, தள்ளாமல் கற்பிக்கும் தைச்சியில்தான் குறை. எங்கள் வகுப்பும் முகத்துக்கு வரும் குத்தைப் பழக்குவதில்லை, அதனால் நாங்கள் குத்துச்சண்டைக்காரனிடம் உதை வாங்குவோம். கத்தி காட்டினால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். "ஓடு. அதற்குத்தான் காலைப் பலப்படுத்துகிறோம்" என்றார் அங்கிள்.

எனக்கு ஒரே ஒரு தடவை நேர்ந்தது. இரவுப் பணி முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் நல்ல போதை. என்னை யாரோ என்று நினைத்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். எழுந்தேன். அவர் தள்ளினார். நான் எதுவும் யோசிக்கவில்லை, இடது தொடைச்சந்து மடங்கியது, உடம்பு கொஞ்சம் திரும்பியது. அவர் என்னைக் கடந்துபோய் நாற்காலியில் மோதி, விழாமல் இருக்க என் தோளையே பிடித்துக்கொண்டார். கடைசியில் நான்தான் அவரை உட்கார வைத்தேன். இரண்டு மேல்பொத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை பெருமையோடு போய்ச் சொன்னேன். அங்கிள் கேட்டார்: "மூச்சைப் பிடித்தாயா?"

"பிடித்தேன்."

"தோள்?"

"ஏறிவிட்டது."

"அப்படியென்றால் அவனுக்குப் போதை அதிகம், அவ்வளவுதான். போய் நில்."

இப்போது ஆறு வருஷம் ஆகிறது. காலுறையை நின்றபடியே மாட்டுகிறேன். தினமும் காலையில் இருபது நிமிடம் பால்கனியில், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிற்கிறேன். மனைவி ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள், ஆனால் அந்த நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பாள்.

அங்கிளுக்குப் போன வருஷம் முழங்கால் அறுவைச் சிகிச்சை. (தைச்சியால் இல்லை, துறைமுகத்தில் சுமந்த மூட்டைகளால் என்று அவரே சொல்வார்.) கல் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்தபடி எங்களைத் தள்ளவிடுகிறார். போன வாரம் புதிதாக ஓர் ஆன்ட்டி வந்தார், அறுபத்தாறு வயது, முப்பது வருஷம் கோழிச்சோற்றுக் கடை வைத்திருந்தவர். "தம்பி, இவருக்குச் சொல்லிக்கொடு" என்றார் அங்கிள். நான் முன்னங்கையை நீட்டி, எப்படித் தள்ள வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, கோழி வெட்டும் பலகையை ஓரமாக நகர்த்துகிற மாதிரி என்னை ஒரு தள்ளு தள்ளினார். பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பில் என் முதுகு மோதியது.

அங்கிள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஆன்ட்டியிடம், "இன்னொரு தடவை. பெலான் பெலான்" என்றார்.